பிரியாது நீண்டவை

அக்காவின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கவனித்துப் படித்தேன். 2019 மார்ச் மாதம். கருப்பை வாயில் வந்த புற்றுநோய்க்காக அவளுக்குக் கதிர்வீச்சும் வாரம் ஒருமுறை மருந்தேற்றுவதும் நடந்துகொண்டிருந்த காலம். மூன்று வாரங்கள் ஒழுங்காகப் போயின. நான்காவது வாரம் குளிரும் காய்ச்சலும் வந்து, மருந்தேற்றுவதை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அறிக்கையில் ‘எஸ்கெரிக்கியா கோலி’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று ஒரு நீண்ட பட்டியல்.

“யாருடா தம்பி இது, கோலி?” என்றாள் அக்கா. சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளோடு கிடந்தவள். கோலி என்றால் அவளுக்குக் குண்டு விளையாட்டுதான். நான் தமிழ் இலக்கியம் படித்து, கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. “ஒரு கிருமி” என்றேன். அந்த விடையின் வறுமை எனக்கே கூச்சமாக இருந்தது.

அவளுக்கு ஏற்றிய மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். உப்புநீரில் கலந்து, வெளிச்சம் படாமல் பையை மூடி, சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். அதற்கு முன்னும் பின்னும் வெறும் உப்புநீர் பாட்டில்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக. பிளாட்டினம் என்னும் உலோகம் அந்த மருந்தில் உண்டு என்று செவிலியர் ஒருவர் சொல்லக் கேட்டு அக்கா சிரித்தாள். “இத்தன வெல பெத்தத ஒடம்புக்குள்ள ஏத்துறதுக்கு ஒரு வளையலா அடிச்சுக் குடுத்திருக்கலாம்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அன்று மாலை தொடங்கிய வாந்தி மூன்று நாள் நிற்கவில்லை.

அறிக்கையிலிருந்த கிருமிக்கும் பையிலிருந்த மருந்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு என்பதை அப்போது நான் அறியவில்லை. அதைச் சொன்னவர் எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியை. அவருக்கும் எனக்கும் அதுவரை இருந்த பழக்கமெல்லாம் தேர்வு அறைக் கண்காணிப்பில் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டது மட்டும்தான். விடைத்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டே நான் விவரத்தைச் சொன்னபோது, சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “தமிழய்யா, மத்தியானம் எங்க லேபுக்கு வாங்க, ஒண்ணு காட்டுறேன்” என்றார்.

அவர் காட்டியவை இரண்டு கண்ணாடிச் சில்லுகள். முதல் சில்லில் சாதாரண ஈ. கோலி, வகுப்புக்கென்று வளர்க்கும் தீங்கற்ற வகை. நுண்நோக்கியில், சாயம் ஏறிய இளஞ்சிவப்பு நொய்யரிசியை இறைத்தாற்போல இருந்தது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நீளம். நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இரண்டாவது சில்லும் அதே குடுவையிலிருந்து எடுத்ததுதான். ஆனால் செஃபலெக்சின் என்ற மருந்தை மிகக் குறைவாகக் கலந்து இரண்டு மணி நேரம் வைத்திருந்தது. அதில் நொய் இல்லை. சேமியா இருந்தது. நீள நீளமாக, வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த இழைகள்.

“இதுங்க சாகல. வளருது. பிரிய மட்டும் முடியல” என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஓலைச்சுவடி. சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். சொற்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. எங்கே வெட்டுவது என்பதுதான் படிப்பவன் கவலை. அந்த இழைகளுக்குள்ளும் அப்படித்தானாம். டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, படிகள் சீரான இடைவெளியில் விலகி நிற்கின்றன. இடையில் எழவேண்டிய சுவர் எழவில்லை. ஓர் இழைக்குள் எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள், அறைத் தடுப்பு இல்லாமல்.

இப்படி நீண்ட இழைகளை 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் கண்டார். பெயர் பார்னெட் ரோசன்பர்க். உயிரியலாளர் அல்லர், இயற்பியல் படித்தவர். நம் உடலின் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் நடுவே கதிர் வடிவில் நூல்கள் தோன்றுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்த அவருக்கு, காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே இரும்புத்தூள் வரிவரியாக நிற்பது நினைவுக்கு வந்தது. அப்படியானால் மின்புலத்தைக் கொண்டு உயிரணுப் பிரிவில் தலையிட முடியுமா என்று பார்க்க நினைத்தார். கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்காக மட்டுமே முதலில் ஈ. கோலியை உள்ளே விட்டார். மின்முனைகளைப் பிளாட்டினத்தால் செய்தார். அது எதனோடும் வினைபுரியாது என்ற நம்பிக்கை.

மின்சாரம் பாய்ந்ததும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பெருகுவது நின்றது. எடுத்துப் பார்த்தால் அவை இயல்பைப்போல 300 மடங்கு வரை நீண்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்தினார், மீண்டும் பிரியத் தொடங்கின. வேறொருவராக இருந்தால் மின்புலத்தின் வெற்றி என்று கட்டுரை எழுதியிருப்பார். ரோசன்பர்க்கும் உடன் பணிசெய்த லொரெட்டா வான் கேம்ப், தாமஸ் கிரிகாஸ் ஆகியோரும் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, காரணம் மின்சாரம் அன்று என்று கண்டார்கள். எதனோடும் வினைபுரியாது என்று நம்பிய பிளாட்டினம் மிகச் சிறு அளவில் கரைந்து, வளர்ப்பு நீரிலிருந்த அம்மோனியத்தோடும் குளோரைடோடும் சேர்ந்து புதிய சேர்மங்களாகியிருந்தது. 1965இல் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தச் சேர்மங்களில் ஒன்று, இத்தாலிய வேதியியலாளர் பெய்ரோன் 1845இலேயே ஆக்கி வைத்துவிட்டுப்போனது. நூற்றிருபது ஆண்டுகள் அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லாமல் இருந்தது. அதுதான் சிஸ்பிளாட்டின். பிரிவதைத் தடுக்கிறது என்றால் பெருகிப் பிரியும் கட்டிக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று எலிகளுக்குக் கொடுத்தார்கள்; 1969இல் அந்த முடிவும் ‘நேச்சர்’ இதழில் வந்தது. 1978இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. விரைப் புற்றுநோயில் அது செய்த மாற்றம் பெரிது. முற்றிய நிலையில் வந்தவர்களும் பெருமளவில் பிழைத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பது 1999இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின்னர் வழக்கமாயிற்று.

அன்றிரவு இதையெல்லாம் இணையத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எழுந்த கேள்வி வேறு. ஒன்றரைப் பக்க வரலாறு எவ்வளவு சுவையாக இருந்தாலும் அடியில் ஒரு கேள்வி நிற்கிறது. பிளாட்டினம் போய் ஒட்டுவது டி.என்.ஏ.யில். சுவர் எழவேண்டியது உடலின் நடுவில். அங்கே அடிபட்டதை இங்கே சொன்னது யார்?

இதற்கு விடை தெரிய அறிவியலாளர்களுக்கே நெடுங்காலம் ஆகியிருக்கிறது. பேராசிரியை எனக்கு ஆறேழு மதியங்களில் அதைச் சொல்லித்தந்தார். புரிந்த வரையில் எழுதுகிறேன்.

நடுவில் வெட்டும் வேலைக்குத் தலைமை ஒரு புரதம். எஃப்.டி.எஸ்.இசட் என்று பெயர். (இவ்வளவு முக்கியமான ஒன்றுக்கு இப்படி ஒரு பெயரா என்று அலுத்துக்கொண்டேன். வெப்பம் ஏறினால் இழையாகிவிடும் பிறழ்வுகளிலிருந்து கண்டெடுத்ததால் அந்தச் சொற்களின் முதலெழுத்துகளாம்.) 1991இல் பீ, லுட்கென்ஹாஸ் என்ற இருவர், பிரியப்போகும் பாக்டீரியாவின் இடுப்பில் இந்தப் புரதம் ஒரு வளையமாகக் கூடிநிற்பதைக் காட்டினார்கள். சில ஆயிரம் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கோத்துச் சிறுசிறு சரங்களாகி, சவ்வின் உட்புறத்தை ஒட்டி நிற்கின்றன. ஒரு சரத்தின் ஒரு முனையில் புதியவர் சேர்வார். மறுமுனையில் பழையவர் கழல்வார். அதனால் சரமே இடுப்பைச் சுற்றி ஊர்வதுபோல் நகரும். சுவர் கட்டும் நொதிகள் அந்த ஓட்டத்தின் வழிகாட்டலில் சுற்றிவந்து உட்புறமாகச் சுவர் எழுப்புகின்றன என்று 2017இல் தெரியவந்தது. நான் பார்த்த சேமியாவில் வளையம் கூடியிருந்தது. செஃபலெக்சின் கட்டுமான நொதியின் கையைக் கட்டிவிட்டதால் சுவர் எழவில்லை.

இன்னொரு செய்தி. 1998இல் இந்தப் புரதத்தின் வடிவத்தை லோவே, ஏமோஸ் ஆகியோர் கண்டறிந்தார்கள். நம் உயிரணுக்களில் கதிர் நூல்களை ஆக்கும் டியூபுலின் என்ற புரதத்தின் வடிவமும் அதே நேரத்தில் வெளியானது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள். வரிசை எழுத்துகளில் ஒற்றுமை குறைவு. முகச்சாயல் அப்படியே இருக்கிறது. ரோசன்பர்க்கை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்ததே அந்தக் கதிர் நூல்களின் படம்தான். பாக்டீரியாவில் கதிரே இல்லை. ஆனால் அவர் அறியாமலே தடுத்து நிறுத்தியது கதிரின் பங்காளியை.

இடுப்பு எது என்று வளையத்துக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1967இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஆட்லர் என்பவரும் அவர் துணைவர்களும் ஒரு வினோத ஈ. கோலியைப் பற்றி எழுதினார்கள். அது நடுவில் மட்டுமல்லாது முனையிலும் வெட்டிக்கொண்டது. முனையில் வெட்டினால் வருவது டி.என்.ஏ. இல்லாத ஒரு சிறு உருண்டை. உடல் உண்டு, உள்ளே ஏடு இல்லை. அந்தச் சிற்றுயிரணுவின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் பின்னாளில் காரணமான மூன்று புரதங்களுக்கும் மின்-சி, மின்-டி, மின்-இ என்று பெயர் வந்தது. தமிழ்க் காதுக்கு அது ‘மின்’ என்றே கேட்கிறது. அவை செய்வதும் அதுதான்.

மின்-டி ஒரு முனையில் சவ்வின்மேல் கூடி உட்கார்கிறது. மின்-சி அதன் தோளில் ஏறிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் எஃப்.டி.எஸ்.இசட் சரம் கூடினால் கலைக்கிறது. ஓரத்திலிருந்து மின்-இ வந்து மின்-டியை எழுப்பி விரட்டுகிறது. விரட்டப்பட்டது கரைந்து சென்று எதிர்முனையில் மறுபடி உட்கார்கிறது. அங்கேயும் மின்-இ விடாது. ஒரு நிமிட அளவில் இந்தப் போக்குவரத்து முடிந்து மீண்டும் தொடங்குகிறது, உயிருள்ளவரை. 1999இல் ராஸ்கின், டி போயர் ஆகியோர் ஒளிரும் புரதத்தை இணைத்து இதைக் கண்ணால் கண்டார்கள். இப்படி அலைந்துகொண்டே இருந்தால் கலைப்பவர்கள் இரு முனைகளிலும் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருப்பார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த அந்த நடுவில் வளையம் கூடுகிறது. அளவுகோல் பிடித்து அளந்தவர் யாருமில்லை. பேராசிரியை தம் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். கருப்புத் திரையில் ஒரு முனை பச்சையாக மினுங்கும், அணையும், மறுமுனை மினுங்கும். மூன்றாம் முறை பார்க்கும்போது தேநீர் ஆறிவிட்டிருந்தது. 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பாக்டீரியாவே இல்லாமல், தட்டையான சவ்வின்மேல் மின்-டி, மின்-இ இரண்டையும் அவற்றுக்கு வேண்டிய எரிபொருளையும் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அவை தாமாகவே அலையலையாகவும் சுருள்சுருளாகவும் எழுந்தன.

தொல்காப்பிய மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்திருப்பதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். புல்லும் மரமும் ஓரறிவு. இது எந்த வகுப்பு என்று அந்த ஆண்டு ஒரு மாணவி கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் நாம் நினைப்பதைக் காட்டிலும் இரக்கமுள்ளவர்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். அடிபட்ட செய்தியைச் சொல்வது யார்? 1944 கோடையில் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், ஈவ்லின் விட்கின் என்ற இளம் ஆய்வு மாணவி ஈ. கோலியின்மேல் புற ஊதாக் கதிரை அளவு மீறிப் பாய்ச்சிவிட்டார். பிழைத்தவை நான்கே நான்கு குடும்பங்கள். மற்றவை ஏன் பிழைக்கவில்லை என்று பார்த்தபோது, அவை உடனே செத்துவிடவில்லை, பிரியாமல் பாம்புபோல் நீண்டுகொண்டே போயின என்று கண்டார். பிழைத்தவை நீளாமல் பிரிந்தன. அப்போது டி.என்.ஏ.யின் வடிவமே யாருக்கும் தெரியாது. விட்கின் 2023இல், நூற்றிரண்டாம் வயதில் காலமானார். அவர் கண்டதன் முழு விளக்கத்தையும் தம் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டார். தொடங்கிய புதிருக்கு விடை கிடைக்கும்வரை உயிரோடிருக்கும் வாய்ப்பு எத்தனை ஆய்வாளர்களுக்கு அமையும்! எங்கள் துறையில் ஒரு பாடவேறுபாட்டுக்கு விடை கிடைக்க மூன்று தலைமுறை போதுவதில்லை.

விளக்கம் இது. டி.என்.ஏ. அடிபட்டு ஓர் இழை வெளித்தெரிந்தால் ரெக்-ஏ என்ற புரதம் அதன்மேல் படிகிறது. அது அபாய அறிவிப்பு. அதன் தூண்டுதலால் லெக்ஸ்-ஏ என்ற பூட்டு தன்னைத்தானே உடைத்துக்கொள்கிறது. பூட்டியிருந்த பல மரபணுக்கள் விழிக்கின்றன. பெரும்பாலானவை பழுதுபார்க்கும் கருவிகளை ஆக்குபவை. ஒன்று மட்டும் கருவி அன்று, காவல். அது ஆக்கும் புரதம் சுல்-ஏ. நேரே போய் எஃப்.டி.எஸ்.இசட் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு, சரம் கோக்க விடாமல் நிறுத்துகிறது. கிழிந்த ஏட்டோடு குடும்பம் பிரியாதே, முதலில் ஒட்டு என்பது அதன் பொருள். பழுது நீங்கினால் அபாய அறிவிப்பு ஓய்கிறது. பூட்டு மறுபடி விழுகிறது. லான் என்ற நொதி எஞ்சிய சுல்-ஏயைத் தின்றுவிடுகிறது. சுல்-ஏயின் ஆயுளே ஓரிரு நிமிடங்கள்தான். வளையம் மீண்டும் கூடுகிறது. விட்கினின் பாக்டீரியாவுக்குப் பிறவியிலேயே லான் இல்லை. காவலர் வந்தார், அவரை அனுப்பிவைக்க ஆளில்லை. பழுது தீர்ந்த பிறகும் நீண்டு நீண்டே மடிந்தன. பிழைத்தவற்றில் காவலரே கெட்டுப்போயிருந்தார்.

பிளாட்டினம் அடித்ததும், மிச்சிகனில் இழைகள் நீண்டதும் இந்த வழியில்தான். அக்காவின் சிறுநீரில் இருந்தவற்றுக்கும் இந்த வித்தை தெரியும். சிறுநீர்ப்பை உயிரணுக்களுக்குள் புகுந்து வளரும் ஈ. கோலி, வெள்ளணுக்கள் துரத்தும்போது இழையாக நீண்டு, விழுங்க முடியாமல் தப்பிக்கிறது என்றும், சுல்-ஏ இல்லாதவை அங்கே நிலைக்க முடியவில்லை என்றும் 2006இல் எலிகளில் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது மருந்தேற்றம், அதாவது கடைசி, முடிந்த இரவு. அக்கா உறங்கிவிட்டாள். நான் ரோசன்பர்க்கின் கதையை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். முன்பு பத்து முறை கடந்துபோன வரி அன்று என்னை நிறுத்திவிட்டது. மின்சாரத்தை நிறுத்தினார், மீண்டும் பிரியத் தொடங்கின. கையிலிருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். நாங்களும் அன்றுதான் நிறுத்தியிருந்தோம்.

மறுநாள் பேராசிரியையிடம் கேட்டேன். கேட்கும்போது என் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். “அடி ஒண்ணுதான் தமிழய்யா, பதில் வேற” என்றார். பாக்டீரியா தனி ஆள். அது செத்தால் கதை முடிந்தது. ஆகவே எப்படியாவது பழுதுபார்த்துப் பிழைக்கப் பார்க்கும். நம் உயிரணு கூட்டத்தில் ஒன்று. அதற்குள் சுல்-ஏ கிடையாது. வேறு காவலர்கள் உண்டு. பழுது தீராது என்று கண்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வழி அதனிடம் இருக்கிறது. பிளாட்டினம் டி.என்.ஏ.யை வளைத்து வைக்க, கதிர்வீச்சு மேலும் உடைக்க, பழுதுபார்த்து முடியாத புற்றணுக்கள் அந்த வழியில் மடிகின்றன. பிரிவதை நிறுத்திவைப்பது அன்று, மடியச் செய்வதே மருந்தின் வேலை. “எல்லாமே மடியுமா?” என்றேன். “மடியாததும் இருக்கும். அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்றாங்க” என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் முந்தைய இரவு எனக்கு அந்தப் பச்சை மினுக்கம் நினைவுக்கு வரும். இந்த முனை, அந்த முனை. அக்காவுக்குக் காதில் ஓயாத ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. மெல்லிய கீச்சொலிகள் கேட்பதில்லை. மருந்து சிறுநீரகத்தை விட்டுவைத்தது, காதை விட்டுவைக்கவில்லை.

2024 ஏப்ரலில் ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை முடிந்து, இனி ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் மருத்துவர். அவர் சொன்னதை அக்காவுக்கு நான் ஒருமுறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் வந்தாள். திருமங்கலம் தாண்டியதும் திடீரென்று திரும்பி, “ஏன்டா, அந்தக் கோலி இப்ப எங்கடா இருக்கான்?” என்று கேட்டாள்.

“உன் குடல்ல இருக்கான். என் குடல்லயும் இருக்கான். அங்க இருக்கிறவரைக்கும் பெரும்பாலும் ஒண்ணும் செய்ய மாட்டான்.”

“சரி, இருந்துட்டுப் போறான்” என்றாள். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, காலையில் அவளே கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.